ஊர்ப் பள்ளியும் அரசு நிதியும்
மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்வி வரலாறு

கல்வி வேண்டும் என்பதை மறுப்பவர் எந்த நாட்டிலும் இலர். ஏழையின் பிள்ளைக்கும் கல்வி வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலோர் தலையசைப்பர். அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்று கேட்ட அளவில்தான் கருத்து வேறுபாடு தலைகாட்டும். பெற்றோர் கொடுப்பதா, ஊரார் கொடுப்பதா, அரசு கொடுப்பதா? பிள்ளையில்லாத ஒருவர் பிறர் பிள்ளைக்காக ஏன் வரி கொடுக்க வேண்டும்? செல்வம் மிக்க ஊர் ஏழை ஊரின் பள்ளிக்கு ஏன் பொறுப்பேற்க வேண்டும்? பொதுக்கல்வியின் வரலாறு பெரும்பகுதியும் இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

இவ்விடையை நெடுங்காலம் தேடிய இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ் மாநிலம். அமெரிக்கக் கூட்டாட்சியின் அரசியலமைப்பில் கல்வி பற்றிய பேச்சே இல்லை. ஆகவே பள்ளி நடத்தும் பொறுப்பு மாநிலங்களைச் சார்ந்தது. மாசசூசெட்ஸ் அப்பொறுப்பை முதலில் ஊர்களிடம் விட்டது. பிறகு ஊர்களைத் தட்டி எழுப்பியது. இறுதியில் ஊர்களோடு தானும் தோள் கொடுத்தது. இம்மூன்று நிலைகளும் ஏறத்தாழ 350 ஆண்டுகளில் நிகழ்ந்தன. அவ்வரலாற்றை நோக்கின், பள்ளியை வளர்ப்பது பணம் மட்டும் அன்று, அப்பணம் எந்த முறையில் வந்து சேர்கிறது என்பதும் கூட என்ற உண்மை புலனாகும்.

பழைய சட்டங்கள்

இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறிய பியூரிட்டன் சமயத்தார் 1630-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை நிறுவினர். ஒவ்வொருவரும் விவிலிய நூலைத் தாமே படித்தறிய வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. எனவே எழுத்தறிவை அவர்கள் சமயக் கடமையாகக் கருதினர். 1642-இல் இயற்றப்பட்ட சட்டம், பெற்றோரும் தொழில் பழக்கும் தலைவரும் தம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளியைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

1647-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. 50 குடும்பங்கள் உள்ள ஊர், எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 100 குடும்பங்கள் உள்ள ஊர், பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் இலத்தீன் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும். தவறினால் தண்டம் செலுத்த வேண்டும். ஆசிரியரின் ஊதியத்தைப் பெற்றோர் தரலாம், அல்லது ஊரார் பொதுவில் தரலாம் என்று சட்டம் இடம் தந்தது. கட்டளை அரசுடையது, செலவு ஊருடையது. இந்த ஏற்பாடே பின்வந்த எல்லாச் சிக்கலுக்கும் வித்து.

விடுதலைப் போரின் நடுவே, 1780-இல், மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்துக் கொண்டது. அதனை எழுதியவருள் தலையாயவர், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் ஆடம்ஸ். கல்வியையும் பொதுப்பள்ளிகளையும் பேணிக் காப்பது சட்டமன்றத்தாருக்கும் ஆட்சியாளருக்கும் எக்காலத்தும் உரிய கடமை என்று அவ்வமைப்பில் ஒரு பிரிவு இடம்பெற்றது. அன்று அது ஓர் அழகிய வாசகமாகவே கருதப்பட்டது. 213 ஆண்டுகள் கழித்து அவ்வாசகம் உயிர் பெற்றெழுந்த செய்தி பின்னர்க் கூறப்படும்.

வட்டாரப் பள்ளிகளின் தாழ்வு

மக்கள் ஊரின் நடுவிலிருந்து விலகிப் பண்ணைகளிலும் காட்டோரங்களிலும் பரவி வாழத் தொடங்கியபோது, ஊருக்கு ஒரு பள்ளி என்னும் முறை பொருந்தாமல் போயிற்று. ஒவ்வொரு மூலையிலும் இருந்தவர்கள் தத்தமக்குத் தனிப்பள்ளி கேட்டனர். 1789-ஆம் ஆண்டுச் சட்டம், ஊரைப் பல பள்ளி வட்டாரங்களாகப் பிரித்துக் கொள்ள இசைவளித்தது. அதன்பின் வந்த சட்டங்கள், வரி தண்டிப் பள்ளிக்கூடம் கட்டவும் ஆசிரியரை அமர்த்தவும் வட்டாரங்களுக்கே உரிமை தந்தன.

இது மக்களாட்சிக்கு உகந்த ஏற்பாடாகத் தோன்றினாலும் விளைவு வேறாயிற்று. ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு சிறு பள்ளிகள் எழுந்தன. ஒன்றுக்கும் போதிய பணம் இல்லை. குளிர்காலத்தில் சில வாரங்களும் கோடையில் சில வாரங்களுமே பள்ளி நடந்தது. எந்த ஆசிரியர் குறைந்த ஊதியத்துக்கு வருவார் என்பதே வட்டாரத்தாரின் கவலையாயிற்று. பல ஊர்களில் ஆசிரியருக்கு உணவும் உறையுளும் வீட்டுக்கு வீடு முறை வைத்து அளிக்கப்பட்டன.

1827-இல் ஒரு நல்ல சட்டம் பிறந்தது. பள்ளிச் செலவு முழுவதையும் வரியினாலேயே நடத்த வேண்டும் என்று அது விதித்தது. பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் கட்டணம் தண்டும் வழக்கம் இதனால் ஒழிந்தது. நியூயார்க் மாநிலத்தில் அவ்வழக்கம் 1867 வரை நீடித்தது என்பதை எண்ணினால், மாசசூசெட்ஸ் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

எனினும் வரியின் அளவை முடிவு செய்தவர்கள் ஊர்க்கூட்டத்தில் வாக்களித்த பெரியோர்களே. அவர்களுள் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கும் அகாடமிகளுக்கும் அனுப்பினர். தம் பிள்ளை படிக்காத பள்ளிக்கு வரியை உயர்த்த அவர்களுக்கு மனம் வரவில்லை. வரி குறையவே பள்ளி தாழ்ந்தது. பள்ளி தாழவே இன்னும் பலர் தம் பிள்ளைகளை விலக்கிக் கொண்டனர். பொதுப்பள்ளி என்பது ஏழையின் பள்ளி என்ற பொருள் பெற்று வந்தது.

கனெக்டிகட் தந்த பாடம்

ஊரார் பணம் தர மறுத்தால் அரசே பெருநிதி ஒன்றை ஒதுக்கி அதன் வட்டியினால் பள்ளிகளை நடத்தலாகாதா? இவ்வழியை மாசசூசெட்சின் தெற்கு எல்லையை ஒட்டிய கனெக்டிகட் மாநிலம் முன்பே ஆய்ந்து பார்த்திருந்தது. மேற்கே, இற்றை ஒஹாயோ மாநிலத்தில், தனக்கு இருந்த பெரும் நிலப்பரப்பைக் கனெக்டிகட் 1795-இல் 12,00,000 டாலருக்கு விற்றது. அத்தொகை முழுவதும் பள்ளி நிதியாக ஒதுக்கப்பட்டது. 1810 முதல் 1825 வரை அந்நிதியைக் கவனித்த ஜேம்ஸ் ஹில்ஹவுஸ் நேர்மையும் திறமையும் உடையவர். நிதி சிதையவில்லை, வளர்ந்தது.

நிதி வளர வளரப் பள்ளிகள் தேய்ந்தன என்பதுதான் வியப்பு. ஆண்டுதோறும் அரசிடமிருந்து பணம் வருவதைக் கண்ட ஊரார் தம் வரியைச் சுருக்கிக் கொண்டனர். 1820-களில் பள்ளிக்கென ஊர் கட்டாயமாகச் செலுத்தி வந்த வரியே கைவிடப்பட்டது. அரசு தரும் தொகை எத்தனை வாரத்துக்குப் போதுமோ அத்தனை வாரமே பள்ளி நடந்தது. அதற்கு மேல் நடத்த வேண்டுமாயின் பெற்றோர் கட்டணம் தர வேண்டியதாயிற்று. தன் கைப்பணம் செலவாகாத பள்ளியை ஊரார் எட்டியும் பார்க்கவில்லை. 1838 முதல் அம்மாநிலக் கல்விச் செயலாளராக இருந்த ஹென்றி பர்னார்டு இந்நிலையை ஊர் ஊராகச் சென்று கண்டு எடுத்துரைத்தார். 1842-இல் புதிதாக ஆட்சிக்கு வந்தோர் அவருடைய பதவியையே நீக்கிவிட்டனர்.

மாசசூசெட்ஸ் 1834-இல் தன் பள்ளி நிதியை ஏற்படுத்தியபோது இப்பாடத்தை மறக்கவில்லை. மெய்ன் பகுதியில் தனக்கிருந்த நிலங்களை விற்ற பணமும், போர்ப்பணிக்காகக் கூட்டரசு தர வேண்டியிருந்த கடன் தொகையும் அந்நிதிக்கு முதலாயின. 10,00,000 டாலர் அதன் உச்ச வரம்பு. பங்கு பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 4 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளை ஒவ்வொருவருக்கும் குறைந்தது 1 டாலர் வீதம் ஊர் தன் வரியிலிருந்து திரட்ட வேண்டும் என்பது ஒன்று. பள்ளிகளின் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று.

அரசு தந்த தொகை சிறிது. ஆனால் அதை வாங்க ஊர் தன் மடியை முதலில் அவிழ்க்க வேண்டியிருந்தது. கனெக்டிகட்டின் பெருநிதி தூங்க வைத்தது. மாசசூசெட்சின் சிறுநிதி தட்டி எழுப்பியது.

அதிகாரமில்லாத ஒரு வாரியம்

1837 ஏப்ரல் 20-ஆம் நாள் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் கல்வி வாரியம் ஒன்றை அமைத்தது. பல ஆண்டுகளாகக் கட்டுரைகள் எழுதிக் கிளர்ச்சி செய்துவந்த ஜேம்ஸ் கார்ட்டர் என்னும் ஆசிரியர் சட்டமன்ற உறுப்பினராகி இதற்கு உருக்கொடுத்தார். ஆளுநர் எட்வர்டு எவரெட் துணை நின்றார். ஆளுநர், துணை ஆளுநர், நியமனம் பெற்ற எண்மர் ஆகியோர் அவ்வாரியத்தில் இடம்பெற்றனர்.

இவ்வாரியத்துக்குப் பள்ளி கட்டும் அதிகாரம் இல்லை. ஆசிரியரை அமர்த்தும் அதிகாரம் இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. செய்திகளைத் திரட்டுவதும் அவற்றைப் பரப்புவதுமே அதன் பணி. சம்பளம் பெறும் செயலாளர் ஒருவரை அது வைத்துக் கொள்ளலாம். அச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றவர் ஹொரேஸ் மேன்.

மேன் 1796-இல் பிராங்க்ளின் என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அவர் பள்ளி சென்றது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 வாரங்களே. வைக்கோல் பின்னிப் பணம் ஈட்டினார். விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளின் தம் பெயர் தாங்கிய அவ்வூருக்கு நன்கொடையாக அளித்த நூல்களே அவருக்குப் பேராசானாக இருந்தன. பின்னர்ப் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1819-இல் பட்டம் பெற்று, வழக்கறிஞராகி, மாநில மேலவையின் தலைவராகவும் உயர்ந்தார். இன்னும் உயர்ந்த பதவிகள் அவரை எதிர்நோக்கியிருந்த வேளையில், வருவாய் மிக்க வழக்கறிஞர் தொழிலையும் விட்டு, அதிகாரம் சிறிதும் இல்லாத இப்பணியை அவர் ஏற்றது நண்பர்களுக்கு வியப்பாயிருந்தது.

கணக்கு என்னும் கருவி

சட்டத்தின் கோல் கையில் இல்லாத மேன், கணக்கைக் கோலாகக் கொண்டார். மாநிலத்தில் அப்போது ஏறத்தாழ 300 ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரும் அனுப்பிய விவரங்களை அவர் ஆண்டுதோறும் தொகுத்து அச்சிட்டார். பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்கு வருவோர் எத்தனை பேர், பள்ளி எத்தனை மாதம் நடந்தது, ஆசிரியர் பெற்ற ஊதியம் என்ன என்பன எல்லாம் அதில் இருந்தன. பிள்ளை ஒருவருக்கு ஊர் எவ்வளவு பணம் திரட்டியது என்பதை வைத்து ஊர்களை வரிசைப்படுத்திய பட்டியலும் பின்னர் வெளிவந்தது. பட்டியலின் அடியில் தன் ஊரின் பெயரைக் காண எந்த ஊரார்தாம் விரும்புவர்? செல்வமிக்க ஊர் கீழேயும், எளிய ஊர் மேலேயும் நின்றமை பலரை நாணச் செய்தது. ஊர்க்கூட்டங்களில் பள்ளி வரி பற்றிய பேச்சு சூடு பிடித்தது.

1838-இல் பள்ளிக் கட்டடங்களைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை அவர் வெளியிட்டார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகள், முதுகைச் சாய்க்க இடமில்லாத பலகைகள், சாலை ஓரத்துப் புழுதி ஆகியவை அதில் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டன. அவ்வாண்டிலேயே ‘பொதுப்பள்ளி இதழ்’ என்னும் பொருள்பட ஓர் இதழையும் தொடங்கினார். ஒவ்வொரு மாவட்டமாகச் சென்று கல்வி மாநாடுகள் கூட்டினார். பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் ஆசிரியர் கூட்டத்துக்குச் சென்றபோது அறை கூட்டப்படாமல் கிடந்ததாகவும், ஆளுநர் பிரிக்சும் மேனும் துடைப்பம் வாங்கித் தாமே கூட்டியதாகவும் கூறுவர்.

ஆசிரியரை ஆக்கும் பள்ளி

பள்ளி வளர வேண்டுமாயின் ஆசிரியர் வளர வேண்டும். இதற்கெனத் தனிப்பள்ளிகள் தேவை என்பதை மேனும் கார்ட்டரும் முன்னரே வலியுறுத்தினர். அரசு தயங்கியது. 1838-இல், ஆலை உரிமையாளரும் வாரிய உறுப்பினருமான எட்மண்டு டுவைட் ஒரு வழி கண்டார். தாம் 10,000 டாலர் தருவதாகவும், அரசும் அதே தொகையைத் தர வேண்டும் என்றும் அவர் அறிவித்தார். சட்டமன்றம் இசைந்தது. ஒருவர் தந்தால் மற்றவரும் தர வேண்டும் என்ற அதே நெறி இங்கும் வெற்றி பெற்றது.

1839 ஜூலை 3-ஆம் நாள் லெக்சிங்டன் என்னும் ஊரில் அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. சைரஸ் பியர்ஸ் அதன் தலைவர். முதல் நாள் வந்த மாணவியர் மூவர். அதே ஆண்டில் பாரி என்னும் ஊரிலும், 1840-இல் பிரிட்ஜ்வாட்டரிலும் மேலும் இரண்டு பள்ளிகள் எழுந்தன. பிரெஞ்சு நாட்டு வழக்கைப் பின்பற்றி இவற்றுக்கு ‘நார்மல் பள்ளி’ என்று பெயரிட்டனர். அப்பெயர் உலகெங்கும் பரவியது. 1856-இல் சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்த பயிற்சிப் பள்ளியும் நார்மல் பள்ளி என்றே பெயர் பெற்றிருந்தது.

எழுந்த எதிர்ப்பு

1837-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார முடை தோன்றியது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது. 1840-இல் சட்டமன்றக் கல்விக் குழுவின் பெரும்பான்மையினர், கல்வி வாரியத்தையும் பயிற்சிப் பள்ளிகளையும் கலைத்துவிட வேண்டும் என்றும், டுவைட் தந்த பணத்தை அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். தாம் கற்றவர் எவரும் பிறருக்குக் கற்பிக்க வல்லவரே, அதற்குத் தனிப்பயிற்சி எதற்கு என்று அவர்கள் கேட்டனர். அரசு வாரியம் என்பது பிரஷ்ய நாட்டு முறை. அது ஊரின் உரிமையை விழுங்கிவிடும் என்றும் அஞ்சினர்.

இவ்வச்சம் முற்றும் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. தன் பள்ளியைத் தானே ஆளும் உரிமை அம்மக்களுக்கு உயிர் போன்றது. ஆனால் அவ்வுரிமையின் பெயரால் பள்ளிகள் பட்டினி கிடந்ததையும் மறைக்க இயலாது. வாக்கெடுப்பில் கலைப்பதற்கு ஆதரவாக 182 பேரும் எதிராக 245 பேரும் நின்றனர். வாரியம் பிழைத்தது.

அடுத்த எதிர்ப்பு ஆசிரியர் தரப்பிலிருந்தே வந்தது. 1843-இல் மேன் ஐரோப்பாவுக்குச் சென்று பள்ளிகளைக் கண்டுவந்தார். பிரஷ்ய ஆசிரியர்கள் பிரம்பின்றி அன்பினால் கற்பிப்பதைத் தம் ஏழாம் அறிக்கையில் போற்றி எழுதினார். இது தம்மைக் குறை கூறுவதாகக் கருதிய பாஸ்டன் நகரத் தலைமையாசிரியர்கள் 31 பேர் 1844-இல் மறுப்பு நூல் வெளியிட்டனர். மேன் மறுமொழி எழுதினார். சொற்போர் நீண்டது. கசப்பு மிகுந்தாலும், பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொதுமக்கள் முதன்முறையாக உற்று நோக்கத் தொடங்கினர்.

வரிக்கு ஓர் அறம்

பிறர் பிள்ளைக்காக நான் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு மேன் இருவகையாக விடை கூறினார். 1841-ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் பேசியது பொருளாதாரம். பலரை வேலைக்கு வைத்திருந்த ஆலை முதலாளிகளுக்குக் கடிதம் எழுதி, படித்த தொழிலாளிக்கும் படியாதவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிந்தார். படித்தவர் மிகுதியாக ஈட்டுகிறார், பொருளை வீணாக்குவது குறைவு என்பதே விடைகளின் சாரம். கல்விக்குச் செலவிடும் பணம் திரும்பி வரும் என்று அவர் காட்டினார். ஆயினும் கல்வியின் பயன்களுள் இதனைத் தாழ்ந்ததாகவே அவர் கருதினார்.

1846-ஆம் ஆண்டின் பத்தாம் அறிக்கையில் அவர் பேசியது அறம். நிலத்தையும் நீரையும் கதிரொளியையும் எம்மனிதனும் படைத்தான் அல்லன். முன்னோர் திருத்திய வயலும் போட்ட சாலையும் கண்ட கலைகளும் சேர்ந்ததே இன்றைய செல்வம். எனவே செல்வம் உடையவன் அதற்கு முழு உரிமையாளன் அல்லன். அடுத்த தலைமுறைக்காகக் காத்து வைத்திருக்கும் அறங்காவலனே. ஆற்றின் மேற்பகுதியில் நிலம் உடையவன் நீர் முழுவதையும் தானே தடுத்து நிறுத்தக் கூடாது. கீழ்ப்பகுதியில் உள்ளவனுக்கும் அதில் உரிமை உண்டு. தலைமுறைகளும் அத்தகையனவே. பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க மறுக்கும் தலைமுறை, தன்னிடம் ஒப்படைத்ததைக் கையாடிய தலைமுறை ஆகும். இதுவே அவ்வறிக்கையின் உட்பொருள்.

காவிரிப் பாசனத்தை அறிந்த தமிழருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். வரி என்பதை ஈகையாகக் கருதும் மனப்பான்மையை மாற்றி, கடனாகக் கருத வைத்ததே மேனின் பெரும்பணி எனலாம்.

பயனும் குறையும்

1848-இல் மேன் பதவியை விட்டு விலகிக் கூட்டரசின் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். அவர் பணியாற்றிய காலத்தில் பொதுப்பள்ளிக்கு ஒதுக்கிய பணம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கு 20,00,000 டாலருக்கு மேல் செலவிடப்பட்டது. பள்ளி நடக்கும் காலம் சராசரி ஒரு மாதம் கூடியது. ஏறத்தாழ 50 புதிய உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. ஆண் ஆசிரியர் ஊதியம் 100-க்கு 62 பங்கும், பெண் ஆசிரியர் ஊதியம் 51 பங்கும் ஏறின. தொடக்கத்தில் தனியார் பள்ளிகளுக்குச் செலவான தொகை, பொதுப்பள்ளிச் செலவில் 100-க்கு 75 பங்காக இருந்தது. அது 36 ஆகக் குறைந்தது. வசதி படைத்தோரின் பிள்ளைகள் மீண்டும் பொதுப்பள்ளிக்கு வரத் தொடங்கினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

குறைகளையும் மறைத்தல் கூடாது. 1837-இல் ஆண் ஆசிரியருக்கு மாதம் ஏறத்தாழ 25 டாலர் கிடைத்தபோது பெண் ஆசிரியருக்கு 11 டாலரே கிடைத்தது. பிறகு இருவர் ஊதியமும் ஏறினும் இடைவெளி குறையவில்லை. பெண்களைப் பெருவாரியாக ஆசிரியராக்கியதில் அவர்தம் திறமை மீதான மதிப்பும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. பாஸ்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைத்திருந்தனர். அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு தோற்றது. பின்னர் 1855-இல் சட்டமன்றமே அவ்வழக்கத்தை ஒழித்தது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்க மக்கள், பொதுப்பள்ளியில் புராட்டஸ்டண்டு விவிலியம் படிக்கப்படுவதைக் கண்டு தம் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி நாடினர். எல்லோருக்கும் பொது என்று சொல்லப்பட்ட பள்ளி, எல்லோருக்கும் பொதுவாக ஆவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

மேன் விதைத்தவை அவருக்குப் பின்னும் விளைந்தன. 1852-இல் மாசசூசெட்ஸ் அமெரிக்காவின் முதல் கட்டாயக் கல்விச் சட்டத்தை இயற்றியது. 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரமேனும் பள்ளி செல்ல வேண்டும் என்றாயிற்று. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வட்டார முறையை அறவே ஒழித்தது. பள்ளி மீண்டும் ஊரின் பொறுப்பாயிற்று.

மீண்டும் எழுந்த பழைய கேள்வி

ஊரின் பொறுப்பு என்பதில் மற்றொரு இடர் மறைந்திருந்தது. பள்ளி வரி பெரும்பாலும் வீடு, நில மதிப்பின் மீது விதிக்கப்படுவது. மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறுவரியே பெருந்தொகை தரும். ஆலை மூடிய தொழிலூரில் பெருவரியும் சிறுதொகையே தரும். மேன் காலத்தில் ஊர்களின் மனம் வேறுபட்டது. 20-ஆம் நூற்றாண்டில் ஊர்களின் மடியே பெரிதும் வேறுபட்டது. 1980-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழி வந்த ஒரு சட்டம், ஊர் திரட்டும் சொத்து வரிக்கு 100-க்கு 2.5 என்னும் வரம்பு கட்டியது. ஏழை ஊர்களின் பள்ளிகள் மேலும் நெருக்கடிக்கு உள்ளாயின.

16 ஊர்களைச் சேர்ந்த பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1993 ஜூன் 15-ஆம் நாள் மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1780-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கண்ட வாசகம் வெறும் அலங்காரம் அன்று. ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும், எந்த ஊரில் வாழ்ந்தாலும், தக்க கல்வி அளிப்பது மாநிலத்தின் கடமையே என்று நீதிபதிகள் கூறினர். குடியேற்றக் காலச் சட்டங்களையும் ஹொரேஸ் மேனின் பணியையும் அவர்கள் சான்றாக எடுத்து ஆராய்ந்தனர்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 18-இல், ஏற்கெனவே ஆயத்தமாகி வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் ஆளுநர் வில்லியம் வெல்டு கையொப்பமிட்டார். அதன் முறை எளிது. ஒவ்வோர் ஊரின் பிள்ளைகளுக்கும் தக்க கல்வி அளிக்க என்ன செலவாகும் என்று முதலில் கணக்கிடுவர். ஊரின் வசதிக்கு ஏற்ப அதில் ஊர் செலுத்த வேண்டிய பங்கை வரையறுப்பர். குறையும் தொகையை மாநிலம் நிரப்பும். ஊர் தன் பங்கைத் தவிர்க்க முடியாது. மாநிலமும் தன் பங்கைத் தவிர்க்க முடியாது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த ஊர்களுக்கு மேலும் பொருள் சேரும் வகையில் 2019-இல் மற்றொரு சட்டம் வந்தது. 2022 நவம்பரில், ஆண்டு வருமானம் 10,00,000 டாலருக்கு மேற்பட்டோர் அம்மிகைத் தொகைக்கு 100-க்கு 4 வீதம் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்றும், அவ்வரி கல்விக்கும் போக்குவரவுக்கும் செல்ல வேண்டும் என்றும் மக்களே வாக்களித்து முடிவு செய்தனர். செல்வர் அடுத்த தலைமுறைக்கு அறங்காவலர் என்று 1846-இல் எழுதப்பட்ட கருத்தின் சாயலை இம்முடிவில் காணலாம்.

வரலாறு உணர்த்துவது

இந்நெடிய வரலாற்றில் மூன்று உண்மைகள் திரண்டு நிற்கின்றன. பள்ளியை ஊரின் மனத்துக்கே விட்டுவிட்டால், செல்வர் விலகுவர். எளியோர் பள்ளி மெலியும். அரசின் நிதி ஊரின் பங்கைக் கேளாமல் வந்தால், கனெக்டிகட்டில் நேர்ந்தது போல ஊர் உறங்கிவிடும். இரண்டு பங்கும் ஒன்றை ஒன்று பற்றி நிற்கும்போது, அதுவும் கணக்கு எல்லோர் கண்முன்னும் திறந்து கிடக்கும்போது, பள்ளி நிமிர்கிறது.

பள்ளி வாரியமும் பெற்றோர் சங்கமும் அரசு மானியமும் சேர்ந்து பள்ளி நடத்தும் எந்த நாட்டாருக்கும் இவ்வரலாறு அயலாருடையது அன்று. மானியம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று ஊரார் கைகழுவினால் கட்டடம் நிற்கும், கல்வி நில்லாது. ஊரார் பார்த்துக் கொள்வர், நமக்கென்ன என்று அரசு ஒதுங்கினால் வசதியுள்ள இடத்துப் பிள்ளைகளே படிப்பர். லெக்சிங்டனில் முதல் நாள் வந்தவர் மூவரே. ஒரு தனிமனிதரின் பணமும் அரசின் பணமும் சரிபாதியாகச் சேர்ந்து அப்பள்ளியைத் திறந்தன. அடுத்த ஆண்டே அதனை மூடிவிட வேண்டும் என்று 182 பேர் வாக்களித்தனர். அது மூடப்படவில்லை. பின்னர் பிராமிங்காம் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்து, படிப்படியாக வளர்ந்து, இன்று ஓர் அரசுப் பல்கலைக்கழகமாக நிலவுகிறது.